மூன்றாவது புரொப்பல்லர்

அண்ணி தட்டச்சு செய்து கொண்டுவந்த கடிதத்தில் எனக்குப் பிடித்தது தேதி ஒன்றுதான். மற்றதெல்லாம் பொய். 'படகின் இரண்டு புரொப்பல்லர்களும் அரித்துப்போனதற்கு, அவற்றைப் பொருத்தியதிலும் ஷாஃப்டை நேர்செய்ததிலும் என்னால் நேர்ந்த கவனக்குறைவே காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதி, அடியில் என் பெயரை அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடம் மட்டும் தாராளமாக இருந்தது.

எங்களுடையது படகு கட்டும் பட்டறை. அப்பா போவதற்கு முன்னால் வேலையை இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டுப் போனார். மரம் அண்ணனுக்கு, இரும்பு எனக்கு. படகின் உடம்பைக் கட்டுவது அவன். எஞ்சினை உட்காரவைத்து, அதன் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகிற ஷாஃப்டை நேர்பார்த்து, புரொப்பல்லரை மாட்டுவது நான். அவன் இழைப்புளியை நான் தொடக்கூடாது, என் ஸ்பானரை அவன் தொடக்கூடாது. முதலாளி நாற்காலி மட்டும் பிரிவினைக்கு வரவில்லை. அது நேராக அவனுக்குப் போய்விட்டது. அதற்கு நான் போட்ட சண்டை தனிக் கதை. நாற்பத்து மூன்று வயதாகி, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான்.

விவகாரத்துக்குக் காரணமான படகு, ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகிற படகு. போன வருடம் கட்டிக் கொடுத்தோம். நான்கே மாதத்தில் புரொப்பல்லர் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால், மூன்று இறக்கைகளின் முதுகிலும் கரையான் தின்ற பலகைபோலப் பொத்தல் பொத்தலாக இருந்தது.

இது துரு அல்ல. இறக்கை தண்ணீரைத் தள்ளும்போது அதன் ஒரு பக்கம் அழுத்தும், மறுபக்கம் உறிஞ்சும். உறிஞ்சல் அளவுக்கு மீறினால், சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துப் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். குமிழிதானே என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கைமேல் போய் உடைகிறபோது ஒவ்வொன்றும் ஊசிமுனையைச் சுத்தியலால் அடித்ததுபோல் அடிக்கும். இப்படி நாள் முழுக்க அடி விழுந்தால் எந்த வெண்கலம் தாங்கும்?

முதல் தடவை நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஷாஃப்டின் கூம்பு முனையில் நீல மை தடவி, புரொப்பல்லரைப் போட்டு எடுத்து, உள்ளே மை எல்லா இடத்திலும் சமமாக ஒட்டியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். நடுவில் செருகும் சாவிக்கட்டை அரை மயிரிழை உயரமாக இருந்தாலும் புரொப்பல்லர் கோணலாக உட்காரும். அதையும் எடுத்துப் பார்த்தேன். படகைத் தண்ணீரில் இறக்கி இரண்டு நாள் மிதக்கவிட்டேன். தரையில் நிற்கும் படகின் உடம்பு வேறு, மிதக்கும் படகின் உடம்பு வேறு. நேர்பார்ப்பதை மிதக்கும்போதுதான் பார்க்க வேண்டும். எஞ்சினும் ஷாஃப்டும் கைகுலுக்குகிற இரண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு பக்கமும் விட்டுப் பார்த்தேன். ஒரு தாள் நுழைகிற வித்தியாசம்கூட இல்லை. இரண்டாவது புரொப்பல்லரை மாட்டினேன். ஐந்து மாதத்தில் அதுவும் போனது. அதே இடம், அதே பொத்தல்.

மூன்றாவது புரொப்பல்லர் பெட்டியில் வந்து இறங்கிய அன்றுதான் கடிதமும் வந்தது.

அண்ணன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். படகு முதலாளி இன்னும் மூன்று படகு கட்டப்போகிறாராம். இந்தப் படகில் கோளாறு எங்கே என்று எழுத்தில் கேட்கிறாராம். படகின் உடம்பில் கோளாறு என்றால் மூன்று படகும் வேறு பட்டறைக்குப் போய்விடும். மாட்டியதில் கோளாறு என்றால், ஃபிட்டரை மாற்றிவிட்டோம் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். புதுப் படகுகளுக்கு வெளியிலிருந்து ஒரு ஃபிட்டரையும் பேசிவைத்துவிட்டானாம்.

"ஒரு கையெழுத்துதானே பாப்பா. பழைய படகு ரிப்பேர் எல்லாம் நீயே பாத்துக்க. உனக்கு ஒரு குறையும் வராது" என்றான்.

இருபது வருடம் நான் மாட்டிய புரொப்பல்லர்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. அதில் ஒன்றுகூட என் கைத்தவறால் கழன்றதில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வரியில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, குறை வராது என்கிறான். பதில் பேசினால் வாயில் என்ன வருமென்று எனக்கே பயமாக இருந்தது. கடிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போய், என் மேசையில் ஆடிக்கொண்டிருந்த கிரீஸ் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். டப்பா ஆடாமல் நின்றது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் கையெழுத்துப் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார், விடை தெரியாமல் வாயைத் திறக்க மாட்டார். அன்று சாப்பிட்ட தட்டுகளை எல்லாம் அவரே கழுவி வைத்தார். அதிலிருந்து அவர் என் பக்கம் என்று புரிந்துகொண்டேன்.

மறுநாள் படகின் டிரைவரைப் பிடித்தேன். அதிகம் பேசாத மனிதர். வேகம் கூட்டினால் படகு எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டேன். காலுக்குக் கீழே யாரோ கூடை கூடையாகக் கூழாங்கல்லைக் கொட்டுகிற மாதிரி இருக்கும், ஆரம்ப நாளிலிருந்தே அப்படித்தான், புதுப் படகு அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன் என்றார். எனக்கு அவரைத் திட்டத் தோன்றியது. ஆனால் யாருமே அவரைக் கேட்கவில்லையே; நானும்தானே கேட்கவில்லை.

அந்த வாரம் பழைய படகு ஒன்று வண்ணம் பூச மேலே ஏறியது. அதுவும் ஆள் ஏற்றும் படகுதான், அப்பா கட்டியது. அதே எஞ்சின், அதே அளவு புரொப்பல்லர், மாட்டியது இதே கை. ஆறு வருடமாகத் தண்ணீரில் ஓடுகிறது. இறக்கையில் விரலை வைத்துத் தடவினால் வழவழவென்று இருந்தது. படகுகளை இழுத்து ஏற்றும் சாய்தளத்தில் இரண்டு படகும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இரண்டின் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வித்தியாசம் கண்ணில் பட்ட மாத்திரத்தில் எழுந்துவிட்டேன். புரொப்பல்லருக்கு நேர்முன்னால் படகின் அடியில் நிற்கிற கட்டையை நாங்கள் வால்கட்டை என்போம். ஷாஃப்ட் அதைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வரும். பழைய படகில் அது நாலு விரல் அகலம். பின்னால் போகப் போக இரண்டு பக்கமும் ஒடுங்கி முடிந்திருந்தது. புதுப் படகில் ஒரு சாண் அகலம். ஒடுங்கவே இல்லை. வாசல் நிலைபோலச் சதுரமாக வெட்டி விட்டிருந்தது. முன்னால் இருந்து வருகிற தண்ணீர் அவ்வளவு தடித்த கட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் இறக்கை அந்த இடத்துக்கு வந்துவிடும். கட்டைக்குப் பின்னால் இருப்பது கலங்கி உடைந்த தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இறக்கையும் அதற்குள் போய்த்தான் வர வேண்டும். குமிழி கிளம்பாமல் என்ன செய்யும்?

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"மரத்தைப் பத்தி நீ பேசாத."

அவன் கோபம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவன் தனியாகக் கட்டிய முதல் படகு மணல்திட்டில் மோதி வால்கட்டை பிளந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணன் ஒரு மாதம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு படகுக்கும் வால்கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமனாக்கிக்கொண்டே வந்தான். பலம், பலம் என்பான். மெதுவாகப் போகிற சின்னப் படகுகளில் அது ஒன்றும் செய்யவில்லை. இந்த வேகமான எஞ்சினில் வந்து வசமாக மாட்டிக்கொண்டது. பயத்தில் செய்ததைப் பெருமையாக மாற்றிக்கொண்டவனிடம் யார் போய் எடுத்துச் சொல்வது? பாவம் என்றுதான் இருந்தது. அதற்காக அவன் பயத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியுமா?

சொன்னால் கேட்கமாட்டான், காட்டினால் கேட்பானா என்று பார்த்தேன். மூன்றாவது புரொப்பல்லரை எப்போதும்போல் பொருத்தினேன். இறக்கைகளின் முதுகில், தகட்டில் கோடு கிழிப்பதற்குமுன் பூசுகிற நீல மார்க்கிங் மையைப் பூசினேன். கையால் தேய்த்தால் போகாது. தண்ணீர் அலசினாலும் போகாது. குமிழி அடித்தால் மட்டும் பெயர்ந்துவிடும். படகை இறக்கி, ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டச் சொன்னேன். டிரைவர் ஓட்டிவிட்டு வந்து, கூழாங்கல் கொட்டியதா என்று நான் கேட்பதற்கு முன்பே ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

வின்ச்சில் இழுத்து மேலே ஏற்றிப் பார்த்தோம். மூன்று இறக்கையிலும், பழைய இரண்டு புரொப்பல்லரும் தின்னப்பட்ட அதே இடத்தில், உள்ளங்கை அளவுக்கு மை காணாமல் போய் வெண்கலம் பளபளத்தது. மற்ற இடமெல்லாம் நீலம் நீலமாகவே இருந்தது. அண்ணனைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன்.

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"மட்டமான மை" என்றான்.

வந்த கோபத்துக்கு நான் எதையாவது தூக்கி எறிந்திருப்பேன். கையில் இருந்தது ஃபீலர் கேஜ் என்பதால் தப்பித்தான், அது என் சொந்தக் கேஜ். அப்படியானால் வால்கட்டையைச் சீவிவிட்டு அதே மட்டமான மையைப் பூசி ஓட்டிப் பார்ப்போம் என்றேன். கட்டையில் கைவைத்தால் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டு அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் நேராக மரக்கொட்டகைக்குப் போனேன். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த அவனுடைய இழைப்புளிகளில் நடுத்தரமானதை எடுத்தேன். தச்சர்கள் ஆறு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதுவரை அந்தச் சுவரிலிருந்து நான் ஓர் ஆணியைக்கூட எடுத்ததில்லை. ஒருவர் மட்டும் வந்து, என் கையில் இருந்ததை வாங்கி வைத்துவிட்டு அதைவிடக் கூர்மையான ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தேன். இரும்போடு பழகிய கைக்கு மரம் லேசில் அடங்கவில்லை. முதல் அரை மணி நேரம் சீவல் வரவில்லை, துருவல்தான் வந்தது. ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில் ஒரு கை அகலத்தைத் தொடாமல் விட்டேன். பலம் வேண்டிய இடம் அதுதான், அதில் அண்ணன் சொல்வது சரி. அதற்கு மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் சாய்வாக ஒடுக்கிக்கொண்டு வந்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, கைப்பிடி வழுக்கியது. துணியைச் சுற்றிக்கொண்டேன்.

மதியம் அண்ணி வந்து நின்றார். கையில் புதிதாக அடித்த கடிதம்.

"பழைய கடிதத்துல கிரீஸ் கறை ஆயிடுச்சாமே" என்றார்.

கறை ஆகவில்லை அண்ணி, உபயோகமாக இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நான் சீவுவதைப் பார்த்தார். பிறகு, உன் அண்ணன் காலையிலிருந்து ஜன்னல் பக்கமே நிற்கிறார், இழைப்புளி சத்தம் நின்றால் எட்டிப் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே போனார்.

சீவிய மரத்துக்குப் பூச்சு கொடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, இறக்கைகளில் மறுபடி அதே டப்பாவிலிருந்து அதே மையைப் பூசினேன். அதே டிரைவர், அதே ஒரு மணி நேரம், அதே வேகம். நான் கரையிலேயே நின்றிருந்தேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதையும் முந்தின நாளே எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன். படகு திரும்பி வந்தது. டிரைவர் கயிற்றை வீசிவிட்டு, கல்லைக் கொட்டுகிறவன் இன்றைக்கு லீவு என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான்.

மேலே ஏற்றிப் பார்த்தால் மை அப்படியே இருந்தது. மூன்று இறக்கையிலும், ஓரம் முதல் அடிவரை, நான் தூரிகையில் இழுத்த கோடுகூடக் கலையாமல் இருந்தது. அண்ணன் கூப்பிடாமலே வந்தான். கட்டைவிரலை நீலத்தின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தான். விரலைப் பார்த்தான். பிறகு நான் சீவிய கட்டையைத் தடவினான். அங்கங்கே மேடு பள்ளம்; அதை அவன் விரல்கள் கண்டுபிடித்ததையும் பார்த்தேன்.

அவன் ஒத்துக்கொள்வான் என்று நினைத்தேன். ஒத்துக்கொள்ளவும் செய்தான், யாரும் கேட்காத குரலில். இனிமேல் எல்லாக் கட்டையையும் ஒடுக்கிவிடுகிறேன், மூன்று படகிலும் ஒடுக்கிவிடுகிறேன், அது வெளியே தெரிய வேண்டாம், நீ அந்தக் கடிதத்தில் மட்டும் போட்டுவிடு என்றான். அதாவது, திருத்தம் அவனுக்கு, தப்பு எனக்கு. அவன் மட்டமான மை என்று சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. சின்ன வயதில் என் பலூனை உடைத்துவிட்டு அம்மாவிடம் பாப்பாதான் உடைத்தாள் என்று சொன்ன அதே முகம். அன்றைக்கு அடி வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு நான் வாங்குவதாக இல்லை.

மறுநாள் காலையில் படகை ஒப்படைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புரொப்பல்லரைப் பிடித்திருக்கிற நட்டு கழன்றுவிடாமல் இருக்க, ஷாஃப்டில் உள்ள துளை வழியாக ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் இரண்டு பக்கம் மடித்துவிடுவோம். ஓட்டிப் பார்க்கும்போது பழைய பின்னைப் போட்டுக்கொள்வோம். ஒப்படைக்கிற அன்று, படகு முதலாளியின் கண் முன்னால், ஃபிட்டர் தன் கையாலேயே புதுப் பின்னைப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் படகு தண்ணீரில் இறங்கும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சாமான். அது இல்லாமல் எவ்வளவு பெரிய படகும் நகராது.

படகு முதலாளி சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தார். அண்ணன் பக்கத்தில், அண்ணி பின்னால், டிரைவரும் தச்சர்களும் சுற்றி நின்றார்கள். முதலாளிக்குக் கூர்மையான கண். புதுப் பூச்சைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இங்கே என்ன புதிதாக இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை, சும்மா ஒரு டச்சப் என்றான் அண்ணன். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினான்.

"பாப்பா, பின்னைப் போடு."

அந்தப் புதுப் பின் என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்தேன். பிறகு விரல்களை மூடிக்கொண்டேன்.

"போடமாட்டேன்."

சாவிக்கொத்து சுழல்வது நின்றது. அண்ணன் குரலைத் தாழ்த்தி, விளையாடாதே என்றான்.

"விளையாடல. மூணாவது புரொப்பல்லர் ஏன் தேயாதுன்னு இவருக்கு நீ சொல்லு. சொன்னா அடுத்த நிமிஷம் போடறேன். சொல்லலன்னா, பேசி வெச்சிருக்கியே, அந்த ஃபிட்டரை வரச் சொல்லு. ஆனா நான் மாட்டின நட்டுல அவன் பின்னைப் போட நான் விடமாட்டேன். நட்டையும் கழட்டிட்டுத்தான் போவேன்."

நானே சொல்லியிருக்கலாம். எல்லாம் என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நான் சொன்னால் அது புகார். அவன் சொன்னால்தான் அது உண்மை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கொப்புளம் உடைந்த கையில் பின்னின் முனை குத்தியது. விடவில்லை.

அண்ணன் தச்சர்களைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அண்ணியைப் பார்த்தான். அண்ணி பையிலிருந்து புதுக் கடிதத்தை எடுத்து, நிதானமாக, குறுக்கே ஒரு தடவை கிழித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை. வால்கட்டையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"கட்டை தடிமன் ஜாஸ்தி. நான்தான் வெச்சேன். அதான் ரெண்டு புரொப்பல்லரையும் தின்னுடுச்சு. இவ வேலைல குத்தம் இல்ல. இதைக் கண்டுபிடிச்சதும் இவதான், சீவினதும் இவதான்."

அவ்வளவு சொல்வதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. முதலாளி குனிந்து கட்டையைத் தடவினார், இறக்கையில் நீலத்தைத் தடவினார். அடுத்த மூன்று படகைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அண்ணன் பயந்தது நடந்தாலும் நடக்கும். எனக்கும் பயம்தான், அது என் சோறும்கூட. ஆனால் போனாலும் உண்மையைச் சொல்லிப் போகட்டும்.

நான் மண்டியிட்டு உட்கார்ந்து பின்னைத் துளையில் செருகினேன். ஒரு காலை வலது பக்கம் மடித்தேன், ஒரு காலை இடது பக்கம் மடித்தேன். சுத்தியலால் ஒரு தட்டு. எழுந்துகொண்டேன். வின்ச் சத்தம் போட்டது, படகு இறங்கியது.

எல்லோரும் போன பிறகு அண்ணன் மரக்கொட்டகையிலிருந்து ஒரு பென்சிலோடு வந்தான். அடுத்தது யார் படகாக இருந்தாலும் சரி, வால்கட்டை எவ்வளவு அகலம், எங்கேயிருந்து ஒடுங்க வேண்டும் என்று நீயே வந்து கோடு போட்டுக் கொடு என்றான். பாப்பா என்று சொல்லவில்லை. பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டேன். என் கோபம் இன்னும் பாதிகூடத் தீரவில்லை, அதை அவனிடமே சொல்லவும் செய்தேன்.

"கோடு நான் போடறேன். சீவுறது நீ. எழுத்துல கேட்டாங்கன்னா கையெழுத்து ரெண்டு பேரும்."

சரி என்று சொல்லிவிட்டுப் போகத் திரும்பியவன் நின்று, நீ சீவிய கட்டையில் மேல்பக்கம் ஒரே மேடு பள்ளம், இழைப்புளியைப் பிடிக்கவே உனக்குத் தெரியவில்லை என்றான். தெரியாதுதான் என்றேன். முதல் கடிதம் இன்றைக்கும் என் மேசையில் கிரீஸ் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது, கையெழுத்தில்லாமல்.